திரும்பி வருவதற்கான கணக்கு: புது ஸ்போர்ட்ஸ் காரில் ரேஸ் டிராக்குக்கு

புது ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர் ரேஸ் டிராக் பயணத்துக்குத் தயாராகும்போது அவர் கேள்விகளெல்லாம் டிராக்கையே சுற்றி வரும். எந்த டயர் நல்லது, எந்த ஹெல்மெட் வேண்டும், ஒரு சுற்றை எத்தனை நொடியில் முடிக்கலாம்? டிராக்கின் வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை இன்னும் சில நூறு கிலோமீட்டர் பாக்கி இருக்கிறது என்பது கடைசியாகத்தான் கணக்கில் சேரும். காரை லாரியில் ஏற்றி அனுப்பாமல் தானே ஓட்டிச் சென்று தானே ஓட்டித் திரும்புகிறவர், தன் திட்டத்தை வீடு திரும்பும் பயணத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போட வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். எந்த பிரேக் பேட், டயரில் எவ்வளவு காற்று, எத்தனை சுற்று, எந்த நேரத்தில் நிறுத்துவது என்ற ஒவ்வொரு முடிவும் ‘இதற்குப் பிறகு இந்தக் கார் நெடுஞ்சாலையில் பத்திரமாக ஓடுமா’ என்ற ஒரே கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். பயந்து ஓட்டச் சொல்லும் அறிவுரை அல்ல இது. இப்படித் திட்டமிடுகிறவருக்குத்தான் டிராக்கில் அதிக நேரமும் கிடைக்கும், அதிகப் பாடமும் கிடைக்கும் என்பதைக் கீழே வரும் கணக்குகள் காட்டும்.

தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட பயணத்துக்கு நெடுநாளாக இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டை. சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்திவந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990-ல் இங்கே நிரந்தர டிராக்கைத் திறந்தது. இன்று மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் எனப்படும் அதன் முழு நீளம் 3.717 கி.மீ.; வளைவுகள் 12. மற்றொன்று, கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே. ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கி, 1995-ல் சிறு விமான விபத்தில் மறைந்த கரிவர்தனின் பெயர் அதற்கு. நீளம் சுமார் 2.1 கி.மீ. பெங்களூரில் இருப்பவருக்கு இருங்காட்டுக்கோட்டை ஏறக்குறைய 310 கி.மீ.; சென்னையில் இருப்பவருக்குச் செட்டிபாளையம் ஏறக்குறைய 500. முதல் பாதையை எடுத்துக்கொள்வோம். ஒரு நாளில் 20 நிமிடம் வீதம் நான்கு முறை டிராக்கில் இறங்கி, ஒரு சுற்றுக்கு இரண்டேகால் நிமிடம் எடுத்துக்கொண்டால், முழுச் சுற்றுகளை மட்டும் எண்ணினால் டிராக்கில் ஓடும் மொத்த தூரம் சுமார் 120 கி.மீ. சாலையில் ஓடுவதோ போக வர 620. மொத்தப் பயணத்தில் டிராக் ஆறில் ஒரு பங்குதான். ஆனால் பிரேக்கும் டயரும் ஆயிலும் படும் பாட்டில் பெரும்பகுதி அந்த ஆறில் ஒரு பங்கில்தான் நடக்கிறது. அங்கே தேய்ந்ததை வைத்துக்கொண்டே மிச்சமுள்ள 310 கி.மீ. ஓட வேண்டும்.

புதுக் கார் என்பதால் கூடும் பொறுப்பு

‘புதுசுதானே, எல்லாம் கச்சிதமாக இருக்கும்’ என்ற நம்பிக்கையை முதலில் விட வேண்டும். புதுக் காரின் பாகங்கள் தேயாதவை, ஆனால் பழகாதவை. புது டயரின் மேற்பரப்பு அச்சிலிருந்து வந்த வழவழப்போடு இருக்கும். முதல் இருநூறு கிலோமீட்டர் வரை அதன் முழுப் பிடிப்பையும் நம்ப முடியாது. பிரேக் பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று சீராக ஒட்டி உராய்வதற்கும் சில நூறு கிலோமீட்டர் நிதானமான ஓட்டம் வேண்டும். இன்ஜின், கியர்பாக்ஸ், டிஃபரென்ஷியல் விஷயத்தில் தயாரிப்பாளர்களே எழுத்தில் வரம்பு வைத்திருக்கிறார்கள். பிஎம்டபிள்யூவின் எம்3, எம்4 போன்ற கார்களின் மேனுவல், முதல் 2,000 கி.மீ. வரை 5,500 ஆர்பிஎம்மையும் மணிக்கு 170 கி.மீ. வேகத்தையும் தாண்டக்கூடாது என்கிறது. அதன் முடிவில் தனியாக ஒரு ரன்-இன் சர்வீஸும் உண்டு. போர்ஷே கார்களுக்கு அந்த நிதானக் காலம் 3,000 கி.மீ. உங்கள் காருக்கு என்ன எண் என்பதை ஷோரூம்காரரின் வாய்வார்த்தையில் கேட்காமல் மேனுவலில் பாருங்கள். அந்த எண்ணும் அதை ஒட்டிய சர்வீஸும் முடிந்த பிறகே டிராக் நாளுக்குப் பணம் கட்ட வேண்டும்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அது வெறும் அவசரக்காரர்களின் மறுப்பும் அல்ல. ‘இன்றைய இன்ஜின்கள் மைக்ரான் கணக்கில் கடையப்படுகின்றன, ரன்-இன் என்பது தாத்தா காலத்து அம்பாசடர் பழக்கம்’ என்பார்கள். சிலிண்டர் சுவரைத் தீட்டும் நுட்பம் முன்னேறியிருப்பது உண்மை. முன்பு போல முதல் ஆயிலில் இரும்புத்தூள் மிதப்பதில்லை என்பதும் உண்மை. ஆனால் இந்த மறுப்பு பதில் சொல்வது இன்ஜினுக்கு மட்டுமே. டயருக்கும் பேடுக்கும் டிஃபரென்ஷியல் பற்களுக்கும் பழகும் காலம் மாறிவிடவில்லை. தவிர, இன்றைய கார்களின் கணினி எந்தக் கிலோமீட்டரில் எத்தனை ஆர்பிஎம் வரை போனது என்பது போன்ற விவரங்களைப் பதிந்து வைத்துக்கொள்ளும். போர்ஷேயில் இன்ஜின் அளவுக்கு மீறிச் சுழன்ற கணக்கை சர்வீஸ் நிலையத்தில் எடுத்துப் பார்ப்பது வழக்கம். பின்னாளில் வாரண்டி பேச்சு எழுந்தால் மேனுவலை மீறியதற்கான சாட்சி காருக்குள்ளேயே இருக்கும். மேனுவலின்படி நடந்தால் இழப்பது சில வாரப் பொறுமை. மீறினால் பணயம் வைப்பது முழு வாரண்டியை.

ரன்-இன் காலத்தை வீணாகும் காலமாக நினைக்கவும் வேண்டாம். ஒரே கியரில் ஒரே வேகத்தில் நெடுஞ்சாலையில் விரட்டுவதுதான் புது இன்ஜினுக்குப் பயன் குறைந்த ஓட்டம். ஏறி இறங்கும் ஆர்பிஎம், மாறி மாறி வரும் சுமை, கியரால் வேகம் குறைக்கும் இறக்கம் ஆகியவையே நல்லவை. அவை மலைச்சாலையில் தானாகவே கிடைக்கும். பெங்களூரிலிருந்து வருபவருக்கு வழியிலேயே, வாணியம்பாடியை ஒட்டி, 14 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏலகிரி இருக்கிறது. சென்னையிலிருந்து கோவை போகிறவருக்குச் சேலத்தில் 20 வளைவுகளோடு ஏற்காடு. டிராக் நாளுக்கு முந்தைய வாரங்களில் இந்த மலைகளுக்கு ஓரிரு முறை போய்வருவது ரன்-இன் கணக்கையும் முடிக்கும். காரின் நீளம், ஸ்டியரிங்கின் கனம், பிரேக் மிதியின் ஆழம் எல்லாவற்றையும் காலுக்கும் கைக்கும் பழக்கிவிடும். டிராக்கின் முதல் 20 நிமிடத்தைக் காரைப் புரிந்துகொள்வதிலேயே கழிக்க வேண்டியிருக்காது.

பிரேக்: மிதியை விட வெப்பம் முக்கியம்

டிராக்கில் முதலில் கைவிடுவது பெரும்பாலும் பிரேக்தான். காரணம் எளிய இயற்பியல். 1,500 கிலோ எடையுள்ள கார் நெடுஞ்சாலையில் 90 கி.மீ. வேகத்திலிருந்து 60-க்கு இறங்கும்போது பிரேக் வெப்பமாக மாற்றும் ஆற்றல் சுமார் 0.26 மெகாஜூல். அதே கார் நீண்ட நேர்பாதையின் முடிவில் 180-லிருந்து 60-க்கு இறங்கினால் சுமார் 1.67 மெகாஜூல், ஆறு மடங்குக்கும் மேல். நான்கு டிஸ்க்குகளும் சேர்ந்து 30 கிலோ இரும்பு என்று கொண்டால், நெடுஞ்சாலையில் ஒருமுறை பிரேக் போடும்போது அவற்றின் வெப்பநிலை ஏறக்குறைய 20 டிகிரி ஏறும். டிராக்கில் ஒருமுறைக்கே 120 டிகிரி. அது ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். இப்படிச் சேரும் வெப்பம் பேடிலிருந்து காலிப்பர் வழியாக பிரேக் ஆயிலுக்குப் போகிறது. டாட் 4 வகை ஆயிலின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ். காற்றின் ஈரத்தை உறிஞ்சிய பிறகு 155. ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழி உருவாகும். குமிழி அமுங்கும், ஆயில் அமுங்காது. அதனால் மிதி தரைவரை போகும், கார் நிற்காது.

ஆகவே பேட் மாற்றுவதற்கு முன்பு செய்ய வேண்டியது ஆயில் மாற்றுவது. காரின் வயது ஆறு மாதமே ஆனாலும், டிராக்குக்குப் போகும் வாரத்தில் புது ஆயில் ஊற்றிக் காற்றை வெளியேற்றிக்கொள்வது செலவு குறைந்த பாதுகாப்பு. உலர்நிலையில் 300 டிகிரிக்கு மேல் தாங்கும் பந்தய வகை டாட் 4 ஆயில்களும் கிடைக்கின்றன. அடிக்கடி மாற்ற வேண்டும் என்பது அவற்றின் விலை. பேட் விஷயத்தில்தான் ‘வீடு திரும்பும் கணக்கு’ ஆசையோடு மோதும். முழு பந்தயப் பேட் சூடானால்தான் கடிக்கும். மறுநாள் காலை குளிர்ந்த டிஸ்க்கோடு, மழைத்தூறலில், சுங்கச்சாவடி வரிசையை நோக்கி வரும்போது முதல் மிதியில் அது எதிர்பார்த்தபடி பிடிக்காமல் போகலாம். ஒரே பேடோடு போய்த் திரும்புகிறவர் சாலைப் பேடையோ, சாலைக்கும் டிராக்குக்கும் இடைப்பட்ட வகையையோ வைத்துக்கொண்டு, சுற்றுகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்வதே சரி. இரண்டு சுற்று வேகமாக, ஒரு சுற்று மெதுவாக என்ற முறை, பேட் மாற்றாமலே வெப்பத்தைக் கட்டுக்குள் வைக்கும். ஒவ்வொரு முறையும் கடைசிச் சுற்றில் பிரேக்கை ஏறக்குறையத் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். பேடாக்கில், அதாவது டிராக்கை ஒட்டிய நிறுத்துமிடத்தில், நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போட வேண்டாம். கியரில் விட்டு, சக்கரத்துக்கு அடியில் கட்டை வையுங்கள். கொதிக்கும் டிஸ்க்கைப் பேட் பிடித்துக்கொண்டே நின்றால் அந்த இடத்தில் பேடின் பூச்சு ஒட்டிக்கொள்ளும். வீடு வரைக்கும் பிரேக் போடும்போதெல்லாம் கார் நடுங்கும்.

‘ஏபிஎஸ், ஈஎஸ்சி எல்லாம் இருக்கிறதே’ என்று சிலர் கேட்பார்கள். அவை இருக்கட்டும், முதல் டிராக் நாளில் ஈஎஸ்சியை முழுதாக அணைக்கவும் வேண்டாம். ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். கார் வழுக்கும்போது அது தனித்தனிச் சக்கரத்தில் பிரேக்கைப் போட்டுத்தான் நேராக்குகிறது. அதாவது ஓட்டுநரின் பிழையை வெப்பமாக மாற்றிப் பேடின் கணக்கில் எழுதிவைக்கிறது. டாஷ்போர்டில் அந்த மஞ்சள் விளக்கு ஒவ்வொரு வளைவிலும் சிமிட்டினால், நீங்கள் வேகமாக ஓட்டுகிறீர்கள் என்று பொருளல்ல; மின்னணுவியல் உங்களுக்காக பிரேக் பேடைத் தேய்த்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். விளக்கு எரியாமல் ஒரு சுற்றை முடிப்பதை அன்றைய இலக்காக வைத்தால், வேகம் தானாகவே வரும், பேடும் மிஞ்சும்.

டயர்: மாலையில் மறக்கும் காற்று

டயரில் நடக்கும் தவறு பெரும்பாலும் டிராக்கில் நடப்பதில்லை. டிராக்கை விட்டுக் கிளம்பும்போது நடக்கிறது. காலையில் 35 டிகிரி வெப்பத்தில் 32 பிஎஸ்ஐ காற்றோடு இறங்கிய டயர், சில சுற்றில் உள்ளே 85 டிகிரி ஆகிவிட்டால், வாயு விதிப்படி அழுத்தம் 39-ஐத் தாண்டும். பிடிப்பு குறையும் என்பதால் ஓட்டுநர்கள் பேடாக்கில் காற்றை இறக்கி, சூடான நிலையில் 33, 34 என்று வைத்துக்கொள்வார்கள். டிராக்குக்கு அது சரியான செயல். ஆனால் அந்த டயர் மறுநாள் காலை குளிர்ந்து நிற்கும்போது அழுத்தம் 27-ஐ ஒட்டி இறங்கியிருக்கும். அந்த நிலையில் சாமான்களோடு, 100 கி.மீ. வேகத்தில், வெயில் ஏறிய தாரில் மூன்று மணி நேரம் ஓடினால் டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கி உள்ளுக்குள் சூடேறும். நெடுஞ்சாலையில் டயர் வெடிப்பதற்குக் குறைந்த காற்று முக்கியமான காரணங்களில் ஒன்று. எனவே சிறிய கம்ப்ரஸரும் நம்பகமான பிரஷர் கேஜும் இந்தப் பயணத்தின் கட்டாயச் சாமான்கள். காரோடு வந்த மேனுவலில் சொல்லியிருக்கும் குளிர்நிலை அழுத்தத்துக்குக் காற்றை ஏற்றிய பிறகே டிராக் இருக்கும் ஊரை விட்டு நகர வேண்டும்.

அதே நேரத்தில் டயரின் இரு ஓரங்களையும் பாருங்கள். வளைவுகளின் அழுத்தம் தோள்பகுதியில்தான் விழும். நடுவில் பள்ளம் நன்றாக இருந்தும் ஓரம் 1.6 மி.மீ. தேய்மானக் குறியைத் தொட்டிருக்கலாம். பல ஸ்போர்ட்ஸ் கார்களில் ஸ்டெப்னி கிடையாது. பசைக் குப்பியும் பம்பும் மட்டுமே. பக்கச்சுவர் கிழிந்தால் அந்தப் பசை உதவாது. அகலமான அந்த அளவு டயர் வாலாஜாபேட்டையிலோ சங்ககிரியிலோ கடையில் கிடைப்பதும் அரிது. மழைக்கால வாய்ப்புள்ள ஐப்பசி, கார்த்திகையில், பள்ளம் குறைந்த பந்தய வகை டயரைப் போட்டுக்கொண்டு நெடுஞ்சாலையில் வருவது தண்ணீர்மேல் மிதக்கக் கேட்டு வாங்குவதுதான். அதன் பிறகு மாசியின் முற்பகுதி வரையிலான உலர்ந்த, வெயில் ஏறாத வாரங்களே இந்தப் பயணத்துக்கு ஏற்றவை. கோடை உச்சியில் இன்ஜின், பிரேக், டயர், ஓட்டுநர் நால்வருக்குமே ஆறுவதற்கு நேரம் போதாது.

காகிதத்தில் எழுதியிருப்பது

இன்சூரன்ஸ் பத்திரத்தை யாரும் படிப்பதில்லை. இந்தப் பயணத்துக்கு முன் படித்தே ஆக வேண்டும். நம் நாட்டின் வழக்கமான தனியார் கார் பாலிசியில் ‘பயன்பாட்டு வரம்பு’ என்ற பகுதி இருக்கும். ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம், வேகச் சோதனை, நம்பகத்தன்மைப் பரீட்சை போன்ற பயன்பாடுகள் காப்பீட்டில் சேராது என்று அங்கே எழுதியிருக்கும். ‘டிராக் நாள் பந்தயம் அல்லவே, நேரம் எடுப்பதில்லையே’ என்று வாதிடலாம். ஆனால் அந்த வாதத்தைத் தடுப்புச்சுவரில் மோதிய காரை வைத்துக்கொண்டு நடத்துவதைவிட, போகும் முன்பே பாலிசி நிறுவனத்திடம் எழுத்தில் கேட்பது நல்லது. பதில் சாதகமாக இல்லையென்றால், டிராக்கில் நடக்கும் சேதம் முழுவதும் தன் பணம் என்று எண்ணியே இறங்க வேண்டும். வாரண்டியும் சாலையோர உதவித் திட்டமும் இதே கேள்விக்கு உட்பட்டவை. நிகழ்ச்சி நடத்துபவர் கையெழுத்து வாங்கும் பத்திரத்தில், தடுப்புச்சுவருக்கு ஏற்படும் சேதத்துக்கு யார் பொறுப்பு என்பதையும் பாருங்கள். இந்தப் பத்திரங்களைப் படித்த பிறகும் வேகமாக ஓட்டத் தோன்றுகிறதா என்பதே ஒரு நல்ல சோதனை. தோன்றாவிட்டால், ஓட்டக்கூடிய வேகம் எது என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது.

பொதுச்சாலையில் சட்டம் இன்னும் தெளிவு. பொது இடத்தில் வேகப் போட்டி நடத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்கீழ் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கே 3 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நான்கைந்து ஸ்போர்ட்ஸ் கார்கள் ஒன்றாகக் கிளம்பும் பயணங்களில் ஆபத்து இங்கேதான் தொடங்கும். ஒருவர் வேகம் கூட்டினால் பின்னால் வருபவரும் கூட்டுவார். ஒன்றாக ஓட்டாமல், சந்திக்கும் இடங்களை மட்டும் முடிவுசெய்துகொண்டு தனித்தனியாகப் போவது இதற்கு எளிய தீர்வு: கிருஷ்ணகிரி தாண்டி ஒரு டீ, ஆம்பூரில் பிரியாணி, ஸ்ரீபெரும்புதூரில் அறை.

நாளைப் பிரிக்கும் முறை

மேலே சொன்ன எல்லாமே நேரக் கணக்கில் வந்து முடிகின்றன. பெங்களூரிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, 310 கி.மீ. ஓட்டி, நேராக டிராக்கில் இறங்கி, மாலையில் திரும்பிவிடலாம் என்ற திட்டம் காகிதத்தில் அழகாக இருக்கும். அதை ஏற்காதீர்கள். முதல் நாள் போய்ச் சேருவது, இரண்டாம் நாள் டிராக், மூன்றாம் நாள் காலை திரும்புவது என்பதே சரியான பிரிப்பு. நீண்ட நேரம் அதிவேகத்தில் ஓட்டியவருக்குச் சாதாரண வேகம் மெதுவாகத் தோன்றும் என்பது ஓட்டுநர் உளவியலில் நன்கு அறியப்பட்டது. நாள் முழுக்க 160, 180 பார்த்த கண்ணுக்கு 100 என்பது ஊர்வதுபோல் இருக்கும். டிராக்கில் எல்லோரும் ஒரே திசையில் போவார்கள். கொடி காட்ட மார்ஷல்களும், தயார்நிலையில் ஆம்புலன்ஸும் உண்டு. வெளியே வந்ததும் சர்வீஸ் சாலையிலிருந்து எதிர்த்திசையில் ஏறும் பைக், ஷிப்ட் முடிந்து தொழிற்சாலைகளிலிருந்து வரும் பேருந்துகள், விளக்கில்லாத டிராக்டர். உடல் நீர் வற்றி, கழுத்து வலித்து, கண் வேகத்துக்குப் பழகிய நிலையில், இருட்டில் அந்தச் சாலையில் இறங்குவதே முழுப் பயணத்தின் மிக ஆபத்தான பகுதி. ஓர் இரவு அறை வாடகை அதை அடியோடு நீக்கிவிடுகிறது.

டிராக் நாளின் காலையைப் பரபரப்பில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். காருக்குள் இருக்கும் தளர்ந்த பொருள்கள் அனைத்தையும், பாய் விரிப்பு உட்பட, வெளியே எடுக்க வேண்டும். சக்கர நட்டுகளை மேனுவல் சொல்லும் டார்க் அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். ஆறிய பிறகு மதியம் மறுபடியும் பார்க்க வேண்டும். இழுவைக் கொக்கி டிக்கியில் இருக்கிறதா, அதன் மரை சுற்றுகிறதா என்று முன்பே சோதியுங்கள். ஹெல்மெட் விஷயத்தில், கார்களுக்கான ஸ்னெல் எஸ்ஏ வகைக்குத் தீச்சோதனை உண்டு, பைக் ஹெல்மெட்டுக்கு அது கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். கொடிகளை மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும்: மஞ்சள் என்றால் முன்னே ஆபத்து, முந்தக் கூடாது, சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம், நிதானமாகப் பிட்டுக்குத் திரும்ப வேண்டும், நீலம் என்றால் பின்னால் வேகமான கார், மஞ்சளும் சிவப்பும் கோடுகளாக இருந்தால் தளம் வழுக்குகிறது. பெட்ரோலைப் பொறுத்தவரை, சாலையில் லிட்டருக்கு 10 கி.மீ. தரும் கார் டிராக்கில் 4 தருவதும் உண்டு. 120 கி.மீ.க்கு 30 லிட்டர். கால் டேங்குக்குக் கீழே போனால் நீண்ட வளைவில் பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கி இன்ஜின் திணறலாம். காருக்கு 95 ஆக்டேன் தேவையென்றால், அது கிடைக்கும் பங்க் எது என்பதை முந்தைய நாளே பார்த்து வைத்திருக்க வேண்டும்.

நிறுத்துவதற்கான விதியும் காலையிலேயே தீர்மானமாகிவிட வேண்டும். ஓட்டத்தின் நடுவில் நிதானமாக முடிவெடுக்க யாராலும் முடியாது. பிரேக் மிதி வழக்கத்தைவிட ஆழமாகப் போனால், பேட் பாதிக்கும் கீழே தேய்ந்திருந்தால், டயர் ஓரம் குறியை நெருங்கினால், எந்த எச்சரிக்கை விளக்காவது எரிந்தால், ஒரே வளைவில் இரண்டு முறை பிழை செய்தால், அன்றைய ஓட்டம் முடிந்தது. கடைசி 20 நிமிடத்தைத் திட்டத்திலேயே சேர்க்காதீர்கள். பணம் கட்டியதை விட்டுவிடுவதா என்று மனம் கேட்கும். களைத்த ஓட்டுநரும் களைத்த காரும் சந்திக்கும் நேரம் அதுதான் என்பதே பதில்.

இவ்வளவு கட்டுப்பாடா என்ற கேள்வி

இரண்டு மறுப்புகள் மிச்சமிருக்கின்றன. முதலாவது: இவ்வளவு தொல்லை எதற்கு, காரை லாரியில் ஏற்றி அனுப்பிவிடலாமே? வினாடிக் கணக்கைக் குறைப்பதே நோக்கமென்றால் அதுவே சரி. பந்தயப் பேட், பந்தய டயர், கடைசிச் சொட்டு வரை ஓட்டம் எல்லாம் அப்போது நியாயமாகும். ஆனால் புதிதாகக் கார் வாங்கியவரின் தேவை அதுவல்ல. அவருக்குத் தெரிய வேண்டியது, அன்றாடம் ஓட்டும் இந்தக் கார், அன்றாடம் இருக்கும் இதே நிலையில் எப்படி நிற்கிறது, எப்படித் திரும்புகிறது, எந்த இடத்தில் எச்சரிக்கிறது என்பது. டிராக்குக்கென்று மாற்றியமைத்த கார் சொல்லும் பாடம் சாலைக்குப் பொருந்தாது. வந்த நிலையிலேயே திரும்பிப் போக வேண்டிய கார் சொல்வது பொருந்தும்.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கூர்மையானது: இத்தனை வரம்போடு ஓட்டினால் ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு? இங்கே வரம்பு வைத்திருப்பது வேகத்துக்கு அல்ல, மீதியில்லாமல் செலவழிப்பதற்கு என்பதைக் கவனிக்க வேண்டும். முதல் முறை டிராக்கில் இறங்குகிறவரைத் தடுப்பது காரின் எல்லை அல்ல. பிரேக்கை எங்கே தொடங்குவது, கண்ணை எங்கே வைப்பது, ஸ்டியரிங்கை எப்போது விடுவது என்று தெரியாததுதான். இவை எண்பது சதவீத வேகத்திலேயே கற்கக்கூடியவை. அந்த வேகத்தில் பேடும் டயரும் நான்கு முறைக்கும் தாங்கும். நூறு சதவீதத்தில் தொடங்குகிறவரின் பிரேக் இரண்டாம் முறையிலேயே கொதித்துவிடும். மீதி நாள் அவர் பேடாக்கில் நிழல் தேடிக்கொண்டிருப்பார். பயிற்றுநரை அமர்த்தும் வசதி இருந்தால், டயருக்கும் பேடுக்கும் செலவழிக்க நினைத்த பணத்தை அதற்குக் கொடுங்கள். ஒரு நாளில் இதைவிடப் பலன் தரும் செலவு வேறில்லை.

வீடு திரும்பிய வாரத்தில் வேலை ஒன்று பாக்கி இருக்கும். பிரேக் ஆயிலை மறுபடி மாற்றி, நான்கு சக்கரங்களின் பேட் தடிமனையும் டயரின் மூன்று இடப் பள்ளத்தையும் அளந்து, பயணத்துக்கு முன் எடுத்த அளவோடு ஒப்பிட்டு எழுதிவையுங்கள். 120 கி.மீ. டிராக் ஓட்டத்துக்கு உங்கள் கார் எவ்வளவு தேய்கிறது என்ற எண் அப்போது கையில் இருக்கும். அடுத்த முறை எந்தப் பேட், எத்தனை சுற்று, லாரி தேவையா என்ற கேள்விகளுக்கு அந்த எண்ணே பதில் சொல்லும். நண்பர்களின் பரிந்துரை சொல்லாது. ஏனென்றால் அவர்கள் ஓட்டுவது வேறு கார், திரும்ப வேண்டிய தூரமும் வேறு.